ஃபீனிக்ஸ் வெயிலிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் காட்டுக்கு: சைக்கிளோ உடம்போ மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

ஜூன் பிறந்துவிட்டால் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கம் காலை எட்டு மணிக்கே சைக்கிள் ஓட்டுவது கஷ்டம், கைப்பிடி ரப்பரே சுடும். அதனால் சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் சைக்கிளைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஐ-17 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறிவிடுகிறோம். ஃபீனிக்ஸ் புறநகரான சாண்ட்லரிலிருந்து இரண்டரை மணி நேரம், வழியில் நின்றால் கொஞ்சம் கூடுதல். ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடியில் இருக்கிற ஊர், அதாவது நம் கொடைக்கானல் உயரம். ஊர் முடிகிற இடத்திலேயே பொண்டெரோசா பைன் காடு தொடங்கிவிடும். வெயில் பட்ட மரப்பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா வாசம் வரும், முதல் தடவை வருகிறவர்கள் கட்டாயம் முகர்ந்து பாருங்கள்.

எனக்குத் தெரிந்த வட்டத்தில் இப்படி ஏறுகிறவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே வருகிறார்கள், கூடவே போன் அழைப்புகளும். "அண்ணா, டயர் கல்லு மாதிரி இருக்கு", "அண்ணா, பிரேக்கே பிடிக்கல", "தலை வெடிக்குது, என்ன பண்றது". பல வருஷமாக இதற்கெல்லாம் பதில் சொல்லி எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மேலே படுத்துக்கொள்ளும் வண்டிகளில் பெரும்பாலானவை கீழே, 45 டிகிரி வெக்கையில் பூட்டிக்கிடந்த கேரேஜில் கெட்டவை. மீதியில் பாதி கெடவே இல்லை, காற்றழுத்தம் குறைந்ததால் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன, அவ்வளவுதான். அதனால் ஆலன் கீயைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அறிகுறியைப் பாருங்கள். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்களுக்கு எது நடக்கிறதோ அங்கே போய்ப் படித்தால் போதும்.

மூச்சு வாங்குகிறது, சாதாரண ஏற்றத்தில்கூடக் கால் நகரவில்லை

இது வண்டியா உடம்பா என்பதை ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம். இறங்கி, முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள், அப்புறம் பின் சக்கரத்தை. எங்கும் உரசாமல் தானாகச் சுற்றி நின்றால் வண்டியில் குறை இல்லை. சர் சர் என்று சத்தம் வந்தால் பிரேக் பகுதிக்குப் போங்கள்.

வண்டி நன்றாக இருக்கிறது என்றால் பிரச்சினை காற்றில்தான். மலையில் ஆக்சிஜன் சதவீதம் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, அங்கேயும் 21 சதவீதம்தான். காற்றின் மொத்த அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனின் அளவு குறைகிறது. ஃபிளாக்ஸ்டாஃபில் அது கடல் மட்டத்தில் கிடைப்பதில் 78 சதவீதம் அளவுக்கு இருக்கும். ஊரை ஒட்டிய எல்டன் மலை உச்சியில் இருக்கிற தீக் கண்காணிப்புக் கோபுரம் ஏறத்தாழ 9,300 அடி, அங்கே 71 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஃபீனிக்ஸில் இருக்கிற சவுத் மவுண்டனில் எனக்கு இதயத் துடிப்பு 150 காட்டுகிற அதே மிதி, ஃபிளாக்ஸ்டாஃபின் ஷுல்ட்ஸ் கிரீக் பாதையில் 160-ஐத் தாண்டிவிடும். முதல் வருஷம் கடிகாரம் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் கியரை இறக்குங்கள், கீழே வழக்கமாக ஓட்டுகிற கியரைவிட இரண்டு படி லேசாக. ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சுக்கு நிற்காமல் பேச முடிகிற வேகம்தான் அன்றைக்கு உங்கள் வேகம். பாறையைத் தாண்டுவதற்காகப் பத்து விநாடி முழு பலத்தோடு மிதித்தால் கீழே அரை நிமிடத்தில் மூச்சு திரும்பிவிடும், இங்கே திரும்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் அடுத்த பாறை வந்துவிடும், அங்கே தான் ஆட்கள் கவிழ்கிறார்கள். அதனால் ஒரு கஷ்டமான இடத்துக்கு முன்னால் நின்று மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஏறுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதல் நாள் ஃபோர்ட் வேலி பக்கத்துப் பாதைகளில் சுற்றுங்கள், அங்கே ஏற்ற இறக்கம் மிதமாக இருக்கும். இரவு தங்கினால் மறுநாள் ஷுல்ட்ஸ் கிரீக்கில் ஏறலாம். சன்செட் பாதையையும் எல்டன் உச்சியையும் காலையில் சாண்ட்லரில் எழுந்து மதியம் ஓட்டுவது எனக்குப் பிடிக்காத திட்டம், முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் ரசிக்க முடியாது.

தலைவலி, குமட்டல், பசியே இல்லை

இதில் இரண்டு காரணம் ஒன்றோடொன்று கலந்துகிடக்கும், தண்ணீர் குறைவு, உயரம். தண்ணீரை முதலில் சரிபாருங்கள், ஏனென்றால் அது சுலபம். இங்கே காற்று வறண்டது, வியர்வை சட்டையை நனைக்காமலேயே காய்ந்துவிடும், அதனால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும். முதுகுப் பையின் கறுப்பு வாரைப் பாருங்கள். தோள்பட்டைப் பக்கம் உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோலம் போட்ட மாதிரி படிந்திருந்தால் நீங்கள் நிறைய இழந்திருக்கிறீர்கள். மணிக்கு அரை லிட்டராவது குடிக்க வேண்டும், வெறும் தண்ணீராக இல்லாமல் உப்பும் சேர்த்து. நான் ஒரு புட்டியில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொண்டுபோவேன். சாப்பாட்டுக்குப் புளிசாதம், அதைவிட நல்ல மலைச் சாப்பாடு எனக்குத் தெரியாது, உப்பும் இருக்கிறது, மாவுச்சத்தும் இருக்கிறது, கெட்டும் போகாது.

நிழலில் உட்கார்ந்து தண்ணீரும் உப்பும் உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் தலைவலி குறைந்தால் சரி. குறையவில்லை, கூடவே குமட்டல், தலைசுற்றல் இருக்கிறது என்றால் அது உயரத்தால் வருகிற நோய் என்று வைத்துக்கொண்டு இறங்குங்கள். பொதுவாக 8,000 அடிக்கு மேல் இது வரும் என்பார்கள், சிலருக்கு அதற்குக் கீழேயும் வரும், இளைஞர், உடற்பயிற்சி செய்கிறவர் என்றெல்லாம் பார்க்காது. மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்ந்து ஏறுவது மட்டும் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுகிறது, நேராக நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் அந்த ஆளைத் தனியாக விடாதீர்கள், 911-ஐக் கூப்பிட்டுக்கொண்டே கீழே இறக்குங்கள்.

டயர் கல் மாதிரி இருக்கிறது, வளைவில் பிடிப்பே இல்லை

இந்த அழைப்புதான் அதிகம், இதில்தான் எனக்கும் ஆர்வம் அதிகம், கொஞ்சம் கணக்கு பார்ப்போம்.

நம் பம்பில் காட்டுகிற அளவு, டயருக்குள் இருக்கிற அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். சாண்ட்லரில் வெளிக்காற்று ஏறத்தாழ 14.1 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்தக் கணக்கு), ஃபிளாக்ஸ்டாஃபில் 11.4. ஆகவே டயருக்குள் எதையும் தொடாமலேயே மேலே போனதும் அளவு 2.7 பி.எஸ்.ஐ கூடும். சாலை சைக்கிளில் 80 பி.எஸ்.ஐ வைக்கிறவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. நாம் வைப்பது 25, அதில் 2.7 என்பது பத்தில் ஒரு பங்குக்கு மேல், பைன் ஊசி பரவிக்கிடக்கும் வளைவில் நன்றாகவே தெரியும்.

ஆனால் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஒரே காரில் வந்த இரண்டு சைக்கிளில் ஒன்று கல்லாக இருக்கும், இன்னொன்று சரியாக இருக்கும். அதற்குக் காரணம் எங்கே காற்று அடித்தீர்கள் என்பது. ஏசி ஓடுகிற வரவேற்பறையில், 25 டிகிரியில் 25 பி.எஸ்.ஐ அடித்துக்கொண்டு வந்தால் மேலே 24 டிகிரி மதியத்தில் 27.6 காட்டும். அதையே 43 டிகிரி கேரேஜில் அடித்திருந்தால், மேலே குளிர்ந்ததும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, உயரம் கூட்டியதையெல்லாம் வெப்பம் கழித்துவிடும், 25-க்குப் பக்கத்திலேயே நிற்கும். கேரேஜில் அடித்த அதே டயரை மறுநாள் காலை 8 டிகிரியில் அளந்தால் 23-சொச்சம் இருக்கும், அப்போது பாறையில் ரிம் இடிக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. கீழே அடித்த அளவை மறந்துவிடுங்கள். பாதை தொடங்குகிற இடத்தில், சைக்கிள் நிழலில் பத்து நிமிடம் நின்ற பிறகு, கையடக்கமான அளவு மானியை வைத்துப் பார்த்து அங்கேயே சரிசெய்யுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது இந்த வித்தியாசத்துக்குப் போதாது. எல்டன் உச்சிக்குப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒரு பி.எஸ்.ஐ அளவுக்குக் கூடும், இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் வேண்டுமானால் ஒரு சொட்டுக் காற்றை விடலாம்.

அளவு சரியாக இருந்தும் வழுக்குகிறது என்றால் தரையைப் பாருங்கள். சன் பிரான்சிஸ்கோ எரிமலைப் பரப்பின் மேல்தான் இந்த ஊரே உட்கார்ந்திருக்கிறது, பல இடங்களில் மண் என்று நினைப்பது கறுப்பும் சிவப்புமான எரிமலைத் துகள், கோலிக்குண்டுகளைக் கொட்டி வைத்த மாதிரி உருளும். அதில் வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் முன் சக்கரம் ஓடிவிடும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே பிரேக்கை விட்டுவிடுங்கள்.

டயரில் காற்று நிற்கவே மாட்டேன் என்கிறது

இதற்குப் பெரும்பாலும் காரணம் நெருஞ்சி. ஆமாம், நம் ஊர்க் கரம்பில் செருப்பில் குத்துமே, அதே செடிதான், இங்கே ஆட்டுத்தலை என்று பொருள்படும் பெயரில் கூப்பிடுகிறார்கள், காயைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு கொம்போடு அப்படித்தான் இருக்கிறது. மேலே காட்டுக்குள் இது அதிகம் இல்லை, ஃபீனிக்ஸ் பக்கத்துக் காலிமனைகளிலும் கால்வாய்க் கரையிலும்தான் மண்டிக்கிடக்கிறது. அங்கே ஏறிய முள்ளோடு நீங்கள் மலை ஏறியிருக்கிறீர்கள்.

டியூப்லெஸ் டயர் என்றால் முதலில் சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே பால் சலசலக்கிற மாதிரி சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சீலண்ட் (ஓட்டையை அடைப்பதற்காக உள்ளே ஊற்றுகிற திரவம்) காய்ந்துவிட்டது, ஏப்ரலில் ஊற்றியது ஜூலை கேரேஜில் ரப்பர் தோலாகிப் போயிருக்கும். 29 அங்குல டயருக்கு 100 மில்லியாவது ஊற்ற வேண்டும், கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. சலசலப்பு இருக்கிறது, ஆனாலும் இறங்குகிறது என்றால் எச்சில் தடவிப் பாருங்கள், குமிழி வருகிற இடத்தில் முள் இருக்கும். முள்ளைப் பிடுங்கியதும் அந்த ஓட்டை கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் வையுங்கள், சீலண்ட் தானாக வந்து அடைக்கும். அடைக்கவில்லையென்றால் ரப்பர்த் திரியைச் செருகுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்திருந்தால் திரி நிற்காது. ராக்கி ரிட்ஜ் பாதையில் இது நடக்கும், பேருக்கேற்ற மாதிரி கல்லும் விளிம்பும்தான் அங்கே. அப்போது டியூப் போட்டுத்தான் ஆக வேண்டும், கிழிசலுக்கு உள்பக்கமாக ஒரு டாலர் நோட்டை நாலாக மடித்து வைத்தால் வீடு வரைக்கும் தாங்கும். ஆனால் டியூபைப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, இதை யாருமே செய்வதில்லை, செய்யாமல் இருக்கிற ஒரே டியூபையும் இழந்துவிட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மாதக்கணக்காக ஃபீனிக்ஸில் ஓடிய டயருக்குள் சீலண்ட் மூடி வைத்த முட்கள் எத்தனையோ இருக்கும், நீங்கள் அறியவே மாட்டீர்கள். டயரின் உள்பக்கம் முழுவதையும் விரலால் மெதுவாகத் தடவி, ஒவ்வொரு நுனியையும் பிடுங்கி எடுங்கள். எனக்கு ஒரு முறை பின் டயர் ஒன்றில் மட்டும் பதினோரு முள் வந்தது. கையுறைத் துணியால் தடவினால் முள் நூலில் மாட்டும், விரலுக்கும் காயமில்லை.

பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடுகிறது

வண்டியை நிமிர்த்தி நிறுத்தி லீவரைப் பத்துப் பதினைந்து தடவை மெதுவாக அமுக்கி விடுங்கள். அமுக்க அமுக்க இறுகி வருகிறதா? அப்படியானால் குழாய்க்குள் காற்று போயிருக்கிறது, அல்லது எண்ணெய் குறைந்திருக்கிறது. பெரும்பாலும் இது நடப்பது பஞ்சர் ஒட்டுவதற்காகச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தபோதோ காருக்குள் படுக்கப் போட்டபோதோ தான், லீவர்த் தொட்டியில் எண்ணெய் குறைவாக இருந்தால் அங்கே இருக்கிற காற்று குழாய்க்குள் இறங்கிவிடும். இறுகிய பிறகு சமதரையில் ஓட்டிப் பார்த்து, இறுக்கம் நிற்கிறது என்றால் எளிய பாதையில் மெதுவாகத் திரும்பி வரலாம். நிற்கவில்லை, மறுபடியும் தளர்கிறது என்றால் அன்றைக்கு மலை இறக்கம் கிடையாது, வந்த வழியே தள்ளிக்கொண்டு வாருங்கள். கீழே வந்ததும் எண்ணெய் மாற்றுங்கள், உங்கள் பிரேக் மினரல் ஆயிலா டாட் திரவமா என்று பார்த்து அதையே ஊற்றுங்கள், மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்களெல்லாம் போய்விடும்.

தொடக்கத்தில் நன்றாக இருந்து, எல்டனிலிருந்து பாதி இறங்கிய பிறகு பிடி குறைகிறது என்றால் அது சூடு. உச்சியிலிருந்து ஷுல்ட்ஸ் கிரீக் தொடங்கும் இடம் வரைக்கும் 2,000 அடிக்கு மேல் இறக்கம், அதை முழுக்க லேசாகப் பிரேக்கை உரசிக்கொண்டே இறங்கினால் எந்த பிரேக் பேடும் கருகும். பேட் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளப்பாகிவிடும், பேட் கவ்விப் பிடிக்கிற உலோகத் தட்டான ரோட்டரில் நீலம் ஓடும். நேரான இடத்தில் விட்டுவிட்டு, தேவையான இடத்தில் அழுத்தமாகப் பிடித்து, மறுபடி விட்டுவிடுவதுதான் வழி, இடையிடையே ரோட்டருக்குக் காற்றாட நேரம் கிடைக்கும். இறங்கி நின்றதும் ரோட்டரைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் வெந்துபோகும். பளபளத்த பேடை மணல்தாளில் லேசாகத் தேய்த்து, சமதரையில் இருபது தடவை வேகமெடுத்து மெதுவாக்கினால் பெரும்பாலும் மீண்டுவிடும். ரெசின் பேட் போட்டிருந்தால் இந்த மலைக்கு மெட்டல் பேடுக்கு மாறிவிடுங்கள், சத்தம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

கீச்சென்று சத்தம் மட்டும் வருகிறது, பிடிப்பும் குறைவு என்றால் எண்ணெய்ப் பசை. சன்ஸ்கிரீன் பூசிய கை, செயினுக்கு அடித்த ஸ்பிரே, தலையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு அதே கையோடு சக்கரம் மாட்டுவது, இவை மூன்றும்தான் நான் பார்த்த காரணங்கள். ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தால் தேய்த்து மெனக்கெடாமல் புதிதாகவே மாற்றிவிடுங்கள்.

காரிலிருந்து இறக்கியதும் சக்கரமே உள்ளே போகவில்லை என்றால், சக்கரம் கழற்றியிருந்தபோது யாரோ லீவரை அமுக்கிவிட்டார்கள், பேடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். டயர் லீவரின் தட்டை நுனியால் மெல்லப் பிரித்துத் தள்ளினால் சரி.

ஃபோர்க் இறுக்கமாக இருக்கிறது, கை நடுங்குகிறது

ஃபோர்க் என்றால் முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்வைத் தாங்குகிற கவை. அதற்குக் காற்று அடிக்கிற ஷாக் பம்பை எடுக்காதீர்கள். காற்று அறைக்குள் இருக்கிற 80, 90 பி.எஸ்.ஐயில் உயரம் செய்கிற மாற்றம் சின்னது. கீழ்க்கால் குழாய்களுக்குள் அடைபட்ட காற்றுதான் தொல்லை கொடுக்கிறது, சாண்ட்லர் அழுத்தத்தில் உள்ளே இருந்தது மேலே வந்ததும் உப்பி, ஃபோர்க் கடைசிப் பகுதி வரைக்கும் இறங்க விடாமல் தடுக்கும். சில ஃபோர்க்குகளில் பின்பக்கம் இதற்கென்றே சின்ன பொத்தானோ திருகோ இருக்கிறது, முன் சக்கரத்தில் பாரம் இல்லாமல் ஃபோர்க்கை முழுதாக நீட்டி வைத்துக்கொண்டு அதை ஒரு தடவை திறந்து மூடினால் புஸ் என்று ஒரு மூச்சு விடும், வேலை முடிந்தது. அப்படி இல்லாத ஃபோர்க்கில் மெல்லிய ஜிப் டையை முனை மழுங்கலாக்கி, தூசி சீலுக்கும் குழாய்க்கும் நடுவே மெதுவாக நுழைத்து விடுகிறார்கள், சீல் கீறாமல் செய்யத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

கியர் தாவுகிறது

காருக்குப் பின்னால் இரண்டு சைக்கிளை நெருக்கி மாட்டிக்கொண்டு வந்தீர்களா? செயினைக் கியருக்குக் கியர் நகர்த்துகிற டிரெய்லியரை மாட்டுகிற ஹேங்கர் வளைந்திருக்கும். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், டிரெய்லியரின் இரண்டு சின்னப் பல்சக்கரங்களும் கேசட்டுக்கு (பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்குக்கு) இணையாக நேர்கோட்டில் தொங்க வேண்டும், உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் வளைந்துவிட்டது. அப்படி இருந்தால் கேசட்டின் மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போகவே போகாதீர்கள், டிரெய்லியர் ஆரத்துக்குள் சிக்கி மொத்தமும் பிய்ந்துவிடும். உங்கள் மாடலுக்கான மாற்று ஹேங்கர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளங்கை அளவு கூட இல்லாத துண்டு.

நேராகத்தான் இருக்கிறது என்றால் செயினைத் துடையுங்கள். கறுப்பு எரிமலைத் தூசியும் ஈர எண்ணெயும் சேர்ந்தால் அரைக்கிற சாந்து மாதிரி ஆகிவிடும், மெழுகு வகைதான் இங்கே ஒத்துவருகிறது.

மதியம் ஒரு மணி, மேற்கே மேகம் கறுக்கிறது

இதை நான் கடைசியில் வைத்தாலும் உயிரோடு சம்பந்தப்பட்டது இதுதான். அரிசோனாவில் மழைக்காலம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், பத்து மணிக்கு மலை உச்சியில் பஞ்சு மாதிரி ஒரு மேகம், பன்னிரண்டுக்கு அது கோபுரமாக எழும்பும், ஒரு மணிக்கு இடி. எல்டன் உச்சியிலும் சன்செட் பாதையின் திறந்த முகட்டிலும் அந்த நேரத்தில் இருக்கவே கூடாது. விடியற்காலை ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்கி, பதினோரு மணிக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுகிற மாதிரி திட்டம் போடுங்கள். சாண்ட்லரிலிருந்து எட்டு மணிக்குக் கிளம்பினால் அன்றைக்கு உச்சி வேண்டாம், ஃபோர்ட் வேலியோடு நிறுத்துங்கள்.

மின்னல் தெரிந்து முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் நீங்கள் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறீர்கள். முகட்டிலிருந்து இறங்குங்கள், தனியாக நிற்கிற உயர்ந்த மரத்துக்குக் கீழே ஒதுங்காதீர்கள், ஒரே அளவு உயரமுள்ள மரங்கள் அடர்ந்த தாழ்வான இடத்துக்குப் போங்கள், எல்லோரும் ஒன்றாகக் குவியாமல் தள்ளித் தள்ளி நில்லுங்கள், சைக்கிளைத் தூரமாக வைத்துவிடுங்கள். கார் பக்கத்தில் இருந்தால் காருக்குள் உட்காருவதே நல்லது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். வெயிலில் தொடங்கிய ஆள் மழையில் நனைந்ததும் நடுங்கத் தொடங்குவார், வெப்பநிலை மளமளவென்று இறங்கும், ஜூலைதானே என்று மழைச்சட்டையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

எரிந்த காட்டுப் பகுதியில் இன்னும் ஒரு எச்சரிக்கை. 2019 ஜூலையில் ஊருக்கு வடக்கே டிரை லேக் ஹில்ஸ் குன்றுகளில் மியூசியம் தீ என்று பெயர் வைத்த காட்டுத்தீ ஏறத்தாழ 2,000 ஏக்கரை எரித்தது. மரத்தை விலக்கித் தீ அபாயத்தைக் குறைக்கப் போன இயந்திரம் பாறையில் இடித்துக் கிளம்பிய பொறிதான் அதற்குக் காரணம். மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லாததால் 2021 மழையில் அங்கிருந்து வந்த வெள்ளம் ஊருக்குள்ளேயே புகுந்தது. மழை வருகிற அறிகுறி இருந்தால் எரிந்த சரிவுக்குக் கீழே இருக்கிற ஓடைப் பாதைகளில் போகாதீர்கள். பலத்த காற்று நாளில் நின்றபடியே செத்த மரங்கள் சத்தம் போடாமல் விழும், அங்கே உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

பாதை மூடியிருக்கிறது, சேறு ஒட்டுகிறது, சைக்கிள் கூடாது என்று பலகை

ஜூன் மாத வறட்சியில் ஊரைச் சுற்றியிருக்கிற கோகோனினோ தேசியக் காட்டை முழுவதுமாகவே மூடிவிடுவது உண்டு, 2021 ஜூனில் அப்படித்தான் மூடினார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு காட்டுத்துறையின் அறிவிப்பைப் பாருங்கள். சங்கிலியைத் தாண்டி உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும், தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தக் காடு காய்ந்த ஜூனில் எப்படி எரிகிறது என்பதற்கு எல்டன் மலையின் மொட்டைச் சரிவே சாட்சி. அங்கே 1977-ல் எரிந்த இடம் இன்னும் பழைய காடாகவில்லை.

டயரில் மண் அப்பி, ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டு, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டால் அது வண்டிக் கோளாறு இல்லை, பாதை இன்னும் காயவில்லை. உங்கள் சக்கரம் போடுகிற பள்ளம் காய்ந்ததும் அப்படியே இறுகிவிடும், அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால். திரும்பிவிடுங்கள். பனி உருகுகிற மார்ச், ஏப்ரலில் இது அதிகம்.

கச்சினா பீக்ஸ் வில்டர்னஸுக்குள் (இயற்கையாகவே விட்டுவைக்கத் தனியாகக் குறித்த காட்டுப் பகுதி) சைக்கிள் கூடவே கூடாது, 1964 வில்டர்னஸ் சட்டப்படி தேசியக் காட்டுக்குள்ளேயே அப்படிக் குறிக்கப்பட்ட பகுதிகளில் தடை. ஹம்ஃப்ரீஸ் சிகரம் அதற்குள்தான் இருக்கிறது. வரைபடத்தில் எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே போய்விட்டுத் தெரியாது என்று சொல்ல முடியாது. மற்ற பாதைகளில் நடக்கிறவர்களுக்கும் குதிரைக்கும் நாம்தான் வழிவிட வேண்டும், இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு.

வீட்டுக்கு வந்த மறுநாள் டயர் சப்பையாக இருக்கிறது

ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை ஏசி அறையில் அளந்து பார்த்தால் இரண்டரை பி.எஸ்.ஐ குறைந்திருக்கும். மேலே 25-க்குச் சரிசெய்தது கீழே 22-சொச்சம் காட்டும், கசிவு என்று நினைத்து டயரைக் கழற்றிவிடாதீர்கள், வெளிக்காற்று கூடியதால் வந்த வித்தியாசம் அது. சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், சலசலப்பு இருந்தால் காற்று மட்டும் அடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சைக்கிளைக் கேரேஜுக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்குள்ளேயே, வாசல் மூலையில் ஒரு பழைய பாயை விரித்து அதன்மேல் நிறுத்தி வையுங்கள்.